திங்கட்கிழமைச் சாவி

5.2.1996, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாற்பத்தெட்டு வயதில் இன்று நான் என்னுடைய ஈரப் படுக்கைவிரிப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இரண்டு பொடியன்களுக்குப் பயந்து.

இடம், எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளம், உடுப்புக் காயப்போடும் அறை. பொடியன்கள், ஐந்தாம் மாடியில் இருக்கும் அமெரிக்க மிசனரிமார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் களுசான், நெஞ்சில் பெயர் எழுதிய கறுப்புத் தகடு. மோர்மன் சபையாம். பேர்ண் நகரத்தில் இருக்கிற கதவு மணியையெல்லாம் அடித்து யேசுவைப் பற்றிக் கதைக்க இரண்டு வருடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்கு வந்தது யேசுவுக்காக அல்ல. மெசினுக்காக.

இந்தக் கட்டிடத்தில் தோய்க்கிற மெசின் ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு நாள். அந்த நாளில் அறைச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராசா. போன ஐப்பசியில் நாங்கள் குடிவந்தபோது, முன்பு இங்கே இருந்த ரவீந்திரன் சாவியை என் கையில் வைத்து, "அக்கா, திங்கள் எங்கட நாள். ஒருத்தருக்கும் விட்டுக் குடாதேங்கோ" என்றான். என்னுடைய விசாவைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் எனக்கு லீவு கிடைப்பதும் திங்களில்தான்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் விரிப்புக்குப் பின்னால் போய்விட்டேன். விரிப்பு முழங்கால் மட்டும்தான் என்பதை யோசிக்கவில்லை. கீழே இரண்டு நிறத்தில் என் கால்மேசு. நெட்டையன் விரிப்புக்கு முன்னால் வந்து நின்று, கோயிலில் கதைப்பது போல மெல்ல, இந்த ஊர் வணக்கமாக, "குரூஸெக், ஃப்ராவ் ஸ்ரீ" என்றான். (ஃப்ராவ் என்றால் திருமதி; எங்கள் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. சுவிஸ் நாக்குகள் முதல் எழுத்தோடு களைத்துவிட்டன.)

நானும் "குரூஸெக்" என்றேன். வேறு என்ன செய்கிறது?

தங்களுக்கு ஊழியத்தில் ஓய்வு திங்களில் மட்டும்தான், தோய்ப்பது, சாமான் வாங்குவது, வீட்டுக்குக் கடிதம் போடுவது எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும், ஒரு மணித்தியாலம் தர முடியுமா என்று விரிப்பைக் கேட்டான். திங்கள் என்னுடைய நாள் என்று விரிப்புச் சொன்னது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கு நன்றி?

7.2.1996

டிராமில் நெட்டையனைக் கண்டேன். சேட்டுக் காலர் ஈரம். இந்தக் குளிரில்! அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லையோ?

12.2.1996, திங்கள்

பேனை தாளைக் கிழிக்குது. அவ்வளவு ஆத்திரம்.

மனம் இரங்கி ஒரு மணித்தியாலம் விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சாவி வாங்க வந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கால்மிதியிலேயே நின்றார்கள். இரண்டு சோடிச் சப்பாத்தும் வாசற்கோட்டைத் தாண்டவில்லை. சரி என்று தேத்தண்ணீர் போட்டு வந்து நீட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேண்டாமாம். கோப்பி? அதுவும் வேண்டாமாம்.

வீட்டுக்கை காலும் வைக்கமாட்டினம், தேத்தண்ணியில வாயும் வைக்கமாட்டினம் எண்டால் என்ன அர்த்தம்? ஊரில இதுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியாதோ? எங்களை ஆரெண்டு நினைச்சவை? ஆர் போய்ச் சொன்னது இவைக்கு?

பின்னேரம் இவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுக் களைத்து வந்தார். சப்பாத்துக் கழற்ற முன்னமே சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"இஞ்சேரும், அமெரிக்காக்காரனுக்கு எங்கட சாதி எப்பிடித் தெரியும்?"

"ஆரோ சொல்லியிருக்கினம்."

"எந்தப் பாசையில?"

கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை இரவுச் சாப்பாட்டில் காட்டினேன்.

14.2.1996, புதன்

குசினியில் தட்டுகள் ஓடி வரும் நீளப் பட்டியில் எனக்கு எதிரே நிற்பவள் ஜெயகௌரி. நான் சூப்புக்கு மூடி போட, அவள் பாண் வைப்பாள். அவளுடைய தங்கையின் பிள்ளைகள் அந்த மிசனரிமாரிடம் சும்மா ஆங்கிலம் படிக்கப் போகிறவர்கள். அவளிடம்தான் வழக்கை வைத்தேன்.

"ஐயோ இந்திராக்கா! அவைக்குத் தேத்தண்ணி, கோப்பி சமயத்தில விலக்கு. பொம்பிளை தனிய நிக்கிற வீட்டுக்குள்ளயும் போகக் கூடாது. உங்கட மானத்தைக் காப்பாத்தத்தான் வெளியில நிண்டிருக்கினம்."

"என்ர மானத்தையோ?"

"பின்னை?"

நான் சிரித்த சிரிப்பில் ஏழெட்டுச் சூப்பு மூடியில்லாமல் நோயாளிகளிடம் போய்விட்டது. இந்த வயதில், இந்த இடுப்போடு, என்னையும் ஓர் ஆபத்து என்று எண்ணுகிற ஒரு சமயம்! அந்த நிமிடமே அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சிரித்து முடிய ஒரு மாதிரி இருந்தது. ஊரில் யார் யார் நீட்டிய தண்ணீருக்கு நாங்கள் தாகமில்லை என்று சொன்னோம்... விடு. கால் உளைகிறது.

19.2.1996, திங்கள்

ஓவோமல்டின் என்கிற சத்துமாப் பாலுக்குத் தடையில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு கதிரையைப் படி விறாந்தையில் போட்டு, மூன்று கோப்பை. அவர்கள் வெளியே, நான் வாசற்கோட்டுக்கு உள்ளே. எல்லைப் பேச்சுவார்த்தை மாதிரி.

நெட்டையன் பெயர் எல்டர் விட்லொக். மற்றவன் எல்டர் ஜென்சன், வந்து ஒரு மாதமாகவில்லை, ஜெர்மன் வராது. எல்டர் என்றால் மூப்பராம். பத்தொன்பது, இருபது வயது மூப்பர்கள். முகப்பரு இன்னும் மாறவில்லை.

4.3.1996, திங்கள்

விட்லொக்கிடம் தோண்டித் தோண்டிக் கேட்டதில் கிடைத்தவை: காலையில் ஆறரைக்கு எழும்ப வேண்டும். வேதம் படிக்க வேண்டும். பிறகு கதவுகள். மத்தியானம் பாணும் தக்காளியும். பிறகும் கதவுகள். ரிவி இல்லை, நீச்சல் இல்லை. வீட்டுக்குக் கிழமைக்கொரு கடிதம், டெலிபோன் என்றால் நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். இரண்டு பேரும் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும். சோடியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தலைவர் தேர்ந்தெடுத்துத் தருவார், சில மாதத்துக்கொரு முறை மாற்றியும் தருவார்.

இவரிடம் சொன்னேன். மனுசன் பேப்பரை இறக்கிவிட்டு, "சோடி மாத்துற அந்தத் தலைவரின்ர நம்பர் என்னவாம்?" என்று கேட்டார்.

11.3.1996

களைப்பு. விட்லொக் இன்று மெசின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்வார்ட் மனுசி, அதுதான் எங்கள் கட்டிடக் காவற்காரி ஃப்ராவ் கெர்பர், நாய்ப் போர்வைகளை வியாழக்கிழமைகளில் நாள் முழுக்கத் தோய்க்கிறா. யாருடைய நாளோ. கேட்க ஆளில்லை.

18.3.1996, திங்கள்

இதை எழுதலாமா? யாரிடமும் சொல்லக் கூடாது. எழுதுவது சொல்வதில் சேராது.

கீழே மெசினடியில். ஜென்சன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து ஜெர்மன் சொல் அட்டைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். விட்லொக் என்னோடு ஜெர்மனில் கதைக்கத் தொடங்கினான். அவனுடைய ஜெர்மனும் என்னுடையதும் சந்தித்தால் இலக்கணம் எழும்பி வெளியே போய்விடும். ஆனாலும் விளங்கியது.

"நான் மணியை அடிச்சுப்போட்டு ஜெபிக்கிறேன், ஃப்ராவ் ஸ்ரீ."

"நல்லது தானே, தம்பி."

"இல்லை. ஒருவரும் திறக்கக் கூடாது என்று ஜெபிக்கிறேன்."

அவனுக்கு நித்திரையிலும் மணிச் சத்தமாம். வீட்டுக்குப் போக வேண்டுமாம். இன்னும் ஒரு வருடம் கிடக்கிறதாம். முடியாமல் இடையில் போகிறவர்களை ஊரில் ஒருவரும் ஏசமாட்டார்கள், ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். அவனுடைய படத்தைச் சபை மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்களாம். யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத்தான் முதல்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அடிக்கிறவர் போய்விட வேண்டும் என்று நான் எத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மன்றாட்டம். அந்தப் பக்கத்திலும் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று யார் கண்டது?

20.3.1996, புதன்

எனக்கு இப்படியொரு தண்டனை வந்ததில்லை. வாய்க்குள் இவ்வளவு பெரிய கதை, எதிரே ஜெயகௌரி.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"பல்லுக் கொதி."

நல்ல பல்லுக்குப் பொய்வலி சொல்லி, அவள் தந்த கராம்பைச் சப்பிக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். ஊர்வாய் என்று பெயரெடுத்தவள் ஒரு கதையை விழுங்கினால் அது வயிற்றில் உருளும். இரவு இவரிடம் சொன்னேன். நித்திரை கொண்டபிறகுதான். அது கணக்கில் வராது.

8.4.1996

ஈஸ்டர் திங்கள். பெருநாளில் மெசின் போடக் கூடாது என்பது கட்டிடச் சட்டம். உயிர்த்தெழலாம், உடுப்புத் தோய்க்க முடியாது.

14.4.1996, ஞாயிறு

நேற்று வருடம் பிறந்தது. பேர்ண் கோயிலுக்குப் போனோம். பொங்கலுக்கு முன் வந்த கடிதத்துக்குப் பிறகு தங்கச்சி புனிதவதியிடமிருந்து ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்குள் எங்கேயோ இருக்கிறாள், அம்மாவும் அவளோடு. அமெரிக்காவில் விட்லொக் வீட்டில் டெலிபோன் இருக்கிறது, அவன் எடுக்கக் கூடாது. நான் எடுக்கலாம். மற்றப் பக்கத்தில் டெலிபோன் இல்லை.

22.4.1996, திங்கள்

இன்று ஒரு பேரம் பேசிப் பார்த்தேன்.

"தம்பி, ஒருத்தர் ஞானஸ்நானம் எடுத்தால் உமக்கு மனம் ஆறுமோ? இங்கே வந்து ஒருவரும் எடுக்கேல்லை எண்டுதானே கவலை? என்ர மனுசனைத் தாறன். முழுக்கத் தண்ணிக்குள்ள தாழ்ப்பினமாமே. சனி முழுக்கு எண்டு சொல்லிக் கூட்டிவாறன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழும்பி நின்று, "நன்றி ஃப்ராவ் ஸ்ரீ. அது உண்மையாக இருக்க வேண்டும்" என்றான்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. போக வேண்டும் என்று அழுகிற பொடியன், நம்பிக்கையைக் கைவிட்டவன் அல்ல. இரண்டும் ஒன்று என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6.5.1996, திங்கள்

ஞாயிறு அன்னையர் தினம். தங்கள் டெலிபோன் வெளிநாட்டோடு கதைக்காது, அம்மாவை எங்கள் நம்பருக்கு எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டான். அன்றைக்கு அவவிடம் சொல்லப் போகிறானாம், வீட்டுக்கு வருகிறேன் என்று. ஒரு நிபந்தனை, இவர் வீட்டில் நிற்க வேண்டும். என் மானம் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது.

12.5.1996, ஞாயிறு

வந்தார்கள். முதல்முறையாக வாசற்கோட்டைத் தாண்டினார்கள். இவர் காவலுக்குச் சோபாவில் இருத்தப்பட்டார். ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை. ஜென்சன் அவரைத் தட்டி எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டான். வேண்டாம், ஆள் இருந்தால் போதும், விழித்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

மணி அடித்தது. விட்லொக் எழும்பவில்லை. மறுபடி அடித்தது. மணிச் சத்தத்துக்கு அவன் முகம் எப்படி ஆகும் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். நான் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

பிறகு குசினிக்குப் போய்ச் சுவரில் காதை வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மெல்லிய சுவர். என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு அகப்பட்டது இவ்வளவுதான்: ஓம் அம்மா. சாப்பிடுகிறேன் அம்மா. நல்ல சனங்கள் அம்மா. கீழ்வீட்டு அம்மா ஒருவர் இருக்கிறா, எங்களுக்குத் தோய்க்க இடம் தருகிறா, மிகவும் நல்லவ. (இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது.) தம்பிக்கு முத்தம் அம்மா. ஓம் அம்மா. ஓம் அம்மா.

வைத்துவிட்டான்.

"சொன்னீரோ?"

"அவ அழுதுகொண்டிருந்தா. சந்தோசத்தில்."

சொல்லேல்லை. பாவி, சொல்லேல்லை.

போன பிறகு இவர் கண் விழித்து, "பொடியன் சுகமா இருக்கிறானாமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குத்தான் ஏனோ அழுகை வந்தது. எங்கட அம்மாவுக்கும் இண்டைக்கு அன்னையர் தினம் தானே? வன்னியில் அப்படியொரு தினம் இருக்கிறதென்று அவவுக்குத் தெரியவும் தெரியாது.

13.5.1996, திங்கள்

மெசினடி. சேட்டுகள் சுற்றுகின்றன.

"போனால் ஊர் கதைக்கும்" என்றான்.

"கதைக்கும்" என்றேன். இந்த ஒரு பாடத்தில் நான் பேராசிரியை. "என்னைப் பாரும் தம்பி, நானே ஒரு ஊர். போன வருசம் எங்களோட வேலை செய்த ஒருத்தி புருசனை விட்டிட்டு ஷாஃப்ஹவுசனுக்குப் போயிட்டாள். விடிஞ்சால் பொழுதுபட்டால் அவளின்ர கதைதான். சூப்பு ஆற ஆறக் கதைச்சம். பேந்து எங்கட தவச்செல்வன்ர கலியாணத்தில மூண்டு தட்டுக் கேக் மணவறைக்கு முன்னால விழுந்தது. அடுத்த நாள் தொடக்கம் அவளை ஒருத்தரும் தேடேல்லை. இப்ப அவளின்ர பேரே எனக்கு மறந்துபோச்சு."

"அப்போ எவ்வளவு காலம்?"

"ஒரு கேக் விழும்வரைக்கும்."

சிரித்தான். இவ்வளவு நாளில் பல் தெரியச் சிரித்தது இன்றுதான். ஒரு பல் மிதந்திருக்கிறது.

பிறகு கேட்டான்: "ஊர் மறந்துவிடும். ஓடிவந்தேன் என்று எனக்குள் இருக்குமே, அது?"

"அதுக்கு என்னட்டை மருந்தில்லை" என்றேன். "நானும் ஓடி வந்தவள் தான்."

மெசின் நின்றபின்னும் இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை.

20.5.1996, திங்கள்

தலைவரோடு கதைத்துவிட்டானாம். அவர் ஏசவில்லையாம், ஒரு கிழமை ஜெபித்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னாராம். ஜெபித்தானாம். மறுபடி சொன்னானாம். வீட்டுக்கும் அறிவித்தாகிவிட்டது. அம்மா, "உன் அறைக்கு வர்ணம் அடிக்க நேரம் காணாதே" என்றாவாம். அவ்வளவுதான் சொன்னாவாம்.

அவன் அறையின் மற்றக் கோடியில் சேட்டுக் கொழுவிக்கொண்டிருக்க, ஜென்சன் அட்டைகளைப் பொக்கற்றில் வைத்துவிட்டு என்னிடம் வந்தான். முதல்முறையாக முழு வசனம் பேசினான்.

"ஃப்ராவ் ஸ்ரீ, நான் விளங்கினேன். எல்லாம். ஈஸ்டரிலிருந்து. நான் சொல்லவில்லை."

நான் கராம்பு சப்பியது போல, கவிழ்த்த கூடையில் இன்னொருவனும் சப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

27.5.1996, திங்கள்

பெந்தகொஸ்தே விடுமுறை, தோய்ப்பு இல்லை. கூடையில்லாமல் வந்தார்கள். புதன் விமானம். இவர் வேலைக்குப் போய்விட்டார், ஆகவே படி விறாந்தை, இரண்டு கதிரை. கடைசி நாளிலும் சப்பாத்து கோட்டைத் தாண்டவில்லை. ஓவோமல்டின் குடித்தான். நான் ஏதோ சொல்ல வேண்டும் போல வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்பதுதான் வந்தது. எனக்கு! ஜெயகௌரி நம்பமாட்டாள்.

"கேக் விழுந்தால் எழுதுகிறேன்" என்றான்.

கைகொடுத்தான். சேட்டுக் காலர் காய்ந்து, நல்ல வெள்ளையாக இருந்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

3.6.1996, திங்கள்

சாவி மேசையில். படியில் சப்பாத்துச் சத்தம் இல்லை. ஜென்சனைப் புதுச் சோடி வரும்வரை வேறு வீட்டில் வைத்திருக்கிறார்களாம். மெசின் முழு நாளும் எனக்குத்தான். மத்தியானத்தோடு முடிந்துவிட்டது.

10.6.1996, திங்கள்

புதியவர் வந்துவிட்டார், ஜென்சனோடு. சாவியை எடுத்துக்கொண்டு நானே மேலே ஏறினேன். மூன்றாம் மாடியில் ஃப்ராவ் கெர்பர் படி துடைத்துக்கொண்டு நின்றா. ஒரு பாராட்டு வாங்கலாமே என்று, இந்தப் பிள்ளைகளுக்கும் என் திங்களில் ஒரு மணித்தியாலம் கொடுக்கப் போவதாகச் சொன்னேன்.

அவ துடைப்பத்தை நிமிர்த்தி வைத்தா. திங்கள் எப்போதும் ஐந்தாம் மாடியின் நாளாம். ரவீந்திரனுக்கு உணவகம் பூட்டுகிற நாள் அதுதான் என்று முன்பிருந்த மிசனரிமாரிடம் கெஞ்சி வாங்கியிருந்தானாம். அவன் போனதும் திங்களைத் திருப்பி எடுக்கும்படி அவவே மேலே போய்ச் சொன்னாவாம். நெட்டையன் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறான், நான் தோய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த அம்மா களைத்துப் போய் நிற்கிறா, இருக்கட்டும் என்று சொல்லி ஏறிப் போனவன், அன்றிலிருந்து சேட்டுகளைக் குளிக்கிற தொட்டியில் கையால் தோய்த்தானாம்.

எங்களுடைய நாள் வியாழக்கிழமையாம். நாய்ப் போர்வை நாள்.